எட்டில் பாதி

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டு மனநல டாக்டர் மெர்சி ஜெபராணி தந்தது. 192 பக்கம், கோடு போட்டது. தினமும் எழுத வேண்டுமாம். முதல் பக்கத்தில் அவரே நான்கு கட்டம் போட்டுக் காட்டினார். நடந்தது என்ன, அப்போது நினைத்தது என்ன, அந்த நினைப்பை நூற்றுக்கு எத்தனை நம்புகிறேன், அதற்குச் சாட்சி என்ன. மனதில் ஓடுவதை மனதிலேயே வைத்துப் பார்த்தால் எல்லாம் உண்மைபோலத்தான் இருக்கும், தாளில் இறக்கி வைத்தால்தான் அதன் லட்சணம் தெரியும் என்றார். டாக்டர் படிப்பார் என்பதால் திருத்தமாக எழுதுகிறேன்.

பெயர் சண்முகையா. வயது 51. ஊர் கோவில்பட்டி. இருபத்திரண்டு வருடமாகச் சொந்தத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்கள் பஸ் ஓட்டுகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், ஒருவர் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறார்.

பிரச்சினை இதுதான். பொங்கலிலிருந்து என்னால் வண்டியை வலதுபக்கம் திருப்ப முடியவில்லை. நேராகப் போவேன். இடதுபக்கம் திரும்புவேன். ரிவர்ஸ் எடுப்பேன். வலது என்று வந்தால் கால் தானாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இது நான்கு மாதம் யாருக்கும் தெரியாது. ஒரு வலதுக்கு மூன்று இடது சமம். இடது, இடது, இடது என்று சுற்றினால் போக வேண்டிய தெருவுக்கே வந்துவிடலாம். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். போன மாதம் என் கொழுந்தியாள் மகள் கல்யாணத்தன்றுதான் வெளியே தெரிந்தது. மண்டபம் எட்டயபுரம் ரோட்டில் வலதுகைப் பக்கம். மூன்று இடதில் இரண்டாவது இடது, நாலுவழிச் சாலையில் கொண்டுபோய் விட்டது. அதில் ஏறினால் நடுவில் சுவர், திரும்ப வலதில்தான் இடைவெளி. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஒன்பது நாற்பதுக்கு நாங்கள் சாத்தூரில் இருந்தோம். என் மனைவி பிரம்மசக்தி மடியில் மொய்யாகக் கொடுக்க வாங்கிய கிரைண்டர். அவள் இறங்கி, கிரைண்டரோடு பஸ் ஏறிவிட்டாள். நான் தெரிந்த டிரைவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டு வரவழைத்து, வண்டியை மட்டும் திருப்பி நிறுத்தித் தரச் சொல்லி, அங்கிருந்து நேராக ஓட்டி வந்தேன்.

அவள்தான் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

ஜூன் 4, புதன்

டாக்டர் ஒன்று கேட்டார், நேற்று எழுத விட்டுப்போனது. கண் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டார். செய்தாயிற்று என்றேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று இன்று காலை கண்ணாடிக் கடைக்குப் போய்ச் செய்துகொண்டேன். படிக்க வருகிறவர்களை மாதாமாதம் அங்கேதான் சர்டிபிகேட்டுக்குக் கூட்டிப் போகிறேன். எழுத்து அட்டை எனக்கு மனப்பாடம். கடைசி வரிசையைத் தலைகீழாகச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வலது கண்ணுக்கு ஒரு தடவை, இடது கண்ணுக்கு ஒரு தடவை, இரண்டுக்கும் ஒரே பாட்டுத்தான்.

பார்வை நன்று.

ஜூன் 6, வெள்ளி

நடந்தது: டீக்கடையில் கிளாஸ் திடீரென்று கையில் இடித்து விழுந்து உடைந்தது. நினைத்தது: கிளாசை விளிம்பில் வைப்பது கடைக்காரருக்கு வழக்கமாகிவிட்டது. நம்பிக்கை 80. சாட்சி: இந்த வாரத்தில் இது இரண்டாவது கிளாஸ்.

நடந்தது: ரயில்வே கேட் பக்கம் ஒரு ஆடு திடீரென்று பானெட்டுக்கு முன்னால் முளைத்தது. நினைத்தது: ஆடுகளுக்குப் பயம் போய்விட்டது. நம்பிக்கை 90.

நடந்தது: வலதுபக்கம் திருப்ப முயன்றேன், முடியவில்லை. நினைத்தது: எதிரே வருகிறவன் நிற்கமாட்டான். நம்பிக்கை 97. டீ குடித்த பிறகு 96.

இப்போது இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் ஆவுடையம்மாள் அக்கா, வயது 61, முப்பது வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். சைக்கிளில் போன தெருவில் எல்லாம் காரில் போக வேண்டும் என்று ஆசை. இன்னொருவர் செல்வின், 27 வயது. ஜூலை 10 மஸ்கட்டுக்கு விமானம். லைசென்ஸோடு வந்தால்தான் வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இடதுபக்கம் மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா கேட்டதற்கு, இடது நன்றாக வந்துவிட்டால் வலது தானாக வரும் என்றேன். செல்வினிடம், மஸ்கட்டில் எல்லாம் மாறி ஓடும், அங்கே இடதுதான் கஷ்டம், அதனால்தான் இடதாகப் பழக்குகிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. எத்தனை சதவீதம் என்று தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

சமையல்கட்டில் பிரம்மசக்தி திடீரென்று பக்கத்தில் நின்றாள். சத்தம் போட்டுவிட்டேன். அரை மணி நேரமாக அங்கேதான் நின்று தேங்காய் துருவுகிறேன் என்கிறாள். அவள் பால்வாடி டீச்சர். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில், நாளைக்குக் காது டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். என் காதுக்கு என்ன குறை. அவள்தான் பூனைபோல நடக்கிறாள். நம்பிக்கை 70.

ஜூன் 12, வியாழன்

எதிரே வருகிறவன் நிற்கமாட்டான் என்பதற்குச் சாட்சி என்ன என்று டாக்டர் போனில் கேட்டார். இருபத்திரண்டு வருட அனுபவம் என்றேன். அது அபிப்பிராயம், எண்ணிக்கை வேண்டும் என்றார். ஆகவே இன்று காலை பத்திலிருந்து ஒன்று வரை கடலையூர் ரோடு திருப்பத்தில், பேக்கரி வாசலில் நின்று எண்ணினேன். வலதுபக்கம் திரும்புகிறவர்களுக்காக எதிரே வருகிறவை நிற்கின்றனவா என்பது கணக்கு. மொத்தம் 212. வேகத்தைக் குறைத்தவை 209. குறைக்காதவை மூன்று. அதில் இரண்டு மாடு, ஒன்று ஆம்புலன்ஸ்.

ஒரு ஆட்டோ திடீரென்று காலை உரசிக்கொண்டு போனது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது எதிரே வரவில்லை, பக்கத்தில் வந்தது.

நம்பிக்கை 60.

ஜூன் 13, வெள்ளி

மறுபடியும் எண்ணப் போனேன். பேக்கரி முதலாளி திடீரென்று வந்து கிரீம் பன் நீட்டினார், பதறிவிட்டேன். டீயும் வந்தது. எத்தனை அடி வாங்குகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, நோட்டும் பேனாவுமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் என்னை நெடுஞ்சாலைத் துறை ஆள் என்று நினைத்துவிட்டார். ரோட்டை அகலப்படுத்தக் கடைகளை இடிக்கப்போகிறார்களாம்.

நான் ரோட்டை அளக்கவில்லை, என் மனதில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. பக்கத்துச் செல்போன் கடைக்காரரிடம் போய், ஆள் பிடிகொடுக்கமாட்டேங்கிறார் என்று சொன்னது என் காதில் விழுந்தது. காது நன்றாக இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

ஜூன் 16, திங்கள்

போனால், பேக்கரியின் வாசல்படியைக் காணோம். செல்போன் கடை போர்டை உள்ளே இழுத்துக் கட்டிவிட்டார்கள். வரிசையாகப் பதினோரு கடைகள் ராத்திரியோடு ராத்திரியாக நாலு அடி பின்வாங்கியிருந்தன. திருப்பத்தில் நிற்கிற போலீஸ்காரர் என்னிடம் வந்து விறைப்பாக நின்று, பூக்கடை மட்டும் பாக்கி, சாயந்திரத்துக்குள் எடுத்துவிடுவார்கள் என்று தகவல் சொன்னார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

ரோடு அகலமாகிவிட்டதால் இப்போது யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. எல்லாம் அதது பாட்டுக்குப் போகிறது. என் கணக்கு கெட்டது.

ஜூன் 17, செவ்வாய்

வியாபாரிகள் சங்கச் செயலாளர் பதினோரு பேர் கையெழுத்தோடு ஒரு மனு கொடுத்தார். "உயர்திரு அளவீட்டாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பிக்கிறது. வாங்காவிட்டால் இன்னும் பயப்படுவார்கள் என்று வாங்கிக்கொண்டேன். நினைத்தது: எனக்கு ஏதோ அதிகாரம் இருக்கிறது. நம்பிக்கை 15. திரும்பி நடக்கையில் விளக்குக் கம்பம் திடீரென்று தோளில் மோதியது. செயலாளர் ஓடி வந்து தூக்கினார். கம்பத்தையும் நகர்த்திவிடலாம் என்றார்.

இனி அந்தப் பக்கம் போவதில்லை.

ஜூன் 20, வெள்ளி

டாக்டரைப் பார்த்தேன். உள்ளே நுழைகையில் கதவு திடீரென்று இடித்தது, நெற்றியில் சின்ன வீக்கம். அவர் பஞ்சு கொடுத்துவிட்டு நோட்டைப் படித்தார். மனுவைப் படிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எதிரே வருகிறவன் நிற்கமாட்டான் என்ற நினைப்பு இப்போது நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். அப்படியானால் வலதில் திருப்பினீர்களா என்றார். இல்லை என்றேன். நோட்டில் அந்த நினைப்பு போய்விட்டது, ஆனால் கால் நோட்டைப் படிக்கவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அப்போ இது மேலாப்புல இருக்குற நினைப்பு சார். அடியில இன்னொண்ணு கெடக்கு. அத நீங்க இன்னும் எழுதல."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அடியில் என்னவெல்லாம் கிடக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். சின்ன வயதில் வலதுகைப் பழக்கத்துக்காக அடி வாங்கினேனா. இல்லை. வலதுபக்க வீட்டுக்காரரோடு சண்டையா. அந்தப் பக்கம் காலி மனை. பிரம்மசக்தி மேல் கோபமா. கோபம் இருந்தால் அவள்தான் என்மேல் இருக்க வேண்டும். வேறொன்றும் தோன்றவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

லைசென்ஸ் டெஸ்ட். செல்வினும் அக்காவும் எட்டுப் போட வேண்டும். எட்டில் ஒரு வளையம் இடது, ஒரு வளையம் வலது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன்.

செல்வின் ஒரு வளையம் போட்டார். அழகான வளையம். நடுவுக்கு வந்ததும் மறுபடியும் அதே வளையத்தில் போனார். நான்கு சுற்று. பிறகு அக்கா. அவர் மூன்று சுற்று, ஒன்றின்மேல் ஒன்று, கோடு கோணாமல். மோட்டார் வாகன ஆய்வாளர் கையில் இருந்த அட்டையை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன சண்முகையா, எட்டுல பாதியக் காணோம்?"

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு என்னைத் தெரியும். நீங்களே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மைதானத்தில் நாற்பது பேர் நின்றார்கள். ஏறி உட்கார்ந்தேன். இடது வளையம் முடிந்தது. நடுவுக்கு வந்ததும் கால் பிரேக்குக்குப் போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிவர்ஸ் கியரைப் போட்டு, அடுத்த வளையத்தை முழுக்கப் பின்பக்கமாகவே சுற்றி முடித்து, புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். சிலர் கைதட்டினார்கள்.

ஆய்வாளர் கைதட்டவில்லை. வண்டியின் வலதுபக்கம் இருந்த கம்புகள் ஆறும் மண்ணில் கிடந்தன. நான் சத்தம் கேட்டேன், கல் என்று நினைத்தேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மாதத்தில் ஸ்கூலுக்கு ஆய்வுக்கு வருவதாகவும், அப்போதும் இப்படியே என்றால் அனுமதியை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு பேரும் பெயில். இரண்டு பேருக்கும் அடுத்த டெஸ்ட் ஜூலை 8. செல்வின் இறங்கும்போது, எங்கம்மாகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா சார் என்று கேட்டார்.

ஜூன் 25, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 27, வெள்ளி

நேற்று நோட்டை வண்டியில் மறந்து வைத்துவிட்டேன். இன்று காலை ஆவுடையம்மாள் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். படித்துவிட்டாராம். அடுத்தவர் எழுதியதைப் படிக்கலாமா, அதுவும் தபால்காரர் என்று கேட்டேன்.

முப்பது வருடத்தில் ஒரு கார்டைக்கூட அவர் படித்ததில்லையாம். ஆனால் இதில் விலாசம் இல்லை, ஒட்டவும் இல்லை, அதனால் தனக்கு வந்ததாக எடுத்துக்கொண்டாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீய. நீங்க வண்டியில ஏறி எவ்வளவு நேரமாச்சு?"

பத்து நிமிடம் இருக்கும் என்றேன்.

"பத்து நிமிஷமா என் கையில முறுக்கு இருக்கு. உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்கேன். கை வலிக்கி."

திரும்பிப் பார்த்தேன். முறுக்கு இருந்தது. என் வலது கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முறுக்கைப் பார்ப்பது என் வேலையில்லை என்றேன். வண்டி நிற்கும்போது என்ன ரோடு என்றார். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, நாளையிலிருந்து நீங்கள் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் இறங்கிப் போனார். முறுக்கைச் சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

நினைத்தது: அந்தம்மாவுக்குத் திமிர். நம்பிக்கை 40.

ஜூன் 28, சனி

முறுக்கைத் தின்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

பிரம்மசக்தி கோவிலுக்குப் போனதும் நோட்டை முதலிலிருந்து படித்தேன். எழுதியதிலிருந்து ஒரு தடவைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. டாக்டருக்காக எழுதியது என்றுதான் நினைத்திருந்தேன். படித்தபோது வேறு யாரோ ஒரு ஆளைப் பற்றி வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது. அந்த ஆளுக்கு எல்லாம் "திடீரென்று" நடக்கிறது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். ஏழு இடம். கிளாஸ், ஆடு, மனைவி, ஆட்டோ, கிரீம் பன், கம்பம், கதவு. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யோசித்து ஓரத்தில் எழுதினேன். வ, வ, வ, வ, வ, வ, வ.

ஏழும் எழுதிய பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

பிறகு இடது கண்ணைக் கையால் பொத்தினேன். எதிரே சுவரில் காலண்டர். நடுவில் தேதி மட்டும், 29, ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோலத் தெரிந்தது. சுற்றி ஒன்றுமில்லை. கறுப்பாகக்கூட இல்லை. இல்லை, அவ்வளவுதான்.

இதை எழுதாமல் விட்டால் இதுவரை எழுதியதற்கு அர்த்தமில்லை. எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முந்தின வாரமே தெரியும். முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று குனிந்து, இடது கண்ணை மூடிப் பார்த்தேன். சக்கரத்தில் நடு நட்டு மட்டும் இருந்தது, மற்றதைக் காணோம். கண்ணை மாற்றிப் பார்த்தேன், முழுச் சக்கரமும் இருந்தது. கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அன்றைக்கு வெண்பொங்கல். அதற்குப் பிறகு நான் ஒரு கண்ணை மூடவே இல்லை. கண்ணாடிக் கடையில் அட்டையை மனப்பாடமாக ஒப்பித்ததும் விளையாட்டுக்காக இல்லை.

நடந்தது: மேலே எழுதியது.

நினைத்தது: கண் போனால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் சண்முகையா என்று ஒரு ஆளே இல்லை.

நம்பிக்கை: 100.

சாட்சி:

(சாட்சி என்ற இடத்தில் எழுத வரவில்லை. ஆனால் இன்னொன்று எழுத வேண்டும். ஐந்து மாதமாக நான் படிக்க வந்தவர்களை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு, பாதி ரோட்டைப் பார்க்காமல் ஊரைச் சுற்றியிருக்கிறேன். செல்வினும் அக்காவும், இவர்களுக்கு முன்னால் பாதியில் நின்றுபோன ஒன்பது பேரும். கால் பிரேக்குக்குப் போனதை இத்தனை நாளாக வியாதி என்று நினைத்தேன். இருந்ததிலேயே அதற்கு மட்டும்தான் புத்தி இருந்திருக்கிறது.)

அதே நாள், மத்தியானம்

பிரம்மசக்தி வந்ததும் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எந்தக் கண் என்று கேட்டாள். வலது என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் காதுன்னு நெனச்சேன். வலதுபக்கம் நின்னா நீங்க என்னைய மதிக்கவே மாட்டேங்கிறிய. அதான் மாசிலருந்து உங்க இடதுபக்கமாவே நடந்துக்கிட்டு இருக்கேன்."

எனக்கு அது தெரியாது. நான் கவனிக்கவில்லை. அவள் அழவில்லை, கொஞ்ச நேரம் முந்தானையால் கூடையின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். பால்வாடியில் கத்தரிக்கோலை அப்படித்தான் வைப்பாளாம்.

ஜூன் 30, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனோம். எழுத்து அட்டையைக் காட்டியதும் வாய் தானாக ஒப்பிக்க ஆரம்பித்தது. அட்டை காட்டிய பெண், சார் நான் இன்னும் லைட்டே போடல என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. வலதில் போனது போனதுதான், திரும்பாது. இடதில் இப்போதுதான் ஆரம்பம், சொட்டு மருந்து தவறாமல் விட்டால் காப்பாற்றலாம் என்றார் கண் டாக்டர். ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் வலதிலும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். அவர் இதைச் சொன்னபோது நான் பிரம்மசக்தியைப் பார்க்கவில்லை. அவள் இடதுபக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், தெரியாமல் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டு இடம் போனேன், நடந்தே. முதலில் செல்வின் வீடு. அவரிடமும் அவர் அம்மாவிடமும் உள்ளதைச் சொன்னேன். அம்மா நான் பேசி முடிக்கும் வரை வாசல் கதவைப் பிடித்தபடியே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், நம்பிக்கை 95. ஆனால், எம்புள்ளைக்கு ஏதும் ஆயிருந்தா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பிறகு ஆவுடையம்மாள் அக்கா வீடு. மன்னிப்புக் கேட்டேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். டம்ளரை என் கையைப் பிடித்து அதில் வைத்தார். நோட்டில் ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். சண்முகையா என்று ஒரு ஆளே இல்லை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"நானும் ரிட்டயர்டு ஆன அன்னைக்கு இப்படித்தான் நெனச்சேன் தம்பி. தபால்காரி இல்லன்னா ஆவுடையம்மா யாருன்னு. மறுநாள் காலையில எந்திரிச்சா பல்லு வெளக்கணும்னு இருந்துச்சு. வெளக்குனேன்."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான் என்றார்.

ஜூலை 3, வியாழன்

ஆய்வாளரிடம் போய்ச் சொன்னேன். சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸை மேஜைமேல் வைத்தேன். அவர் அதை உடனே எடுக்கவில்லை. அந்த ரிவர்ஸ் வளையத்தை இனி யாரிடமும் காட்டாதீர்கள் என்றார்.

பக்கத்துத் தெரு ஸ்கூல்காரர் பொன்ராஜ் இருபது வருடமாக என் போட்டி. நேரில் பார்த்தால் இரண்டு பேரும் துப்ப வந்த எச்சிலை விழுங்கிக்கொள்வோம். அவரிடம் போய், செல்வினுக்கும் அக்காவுக்கும் ஐந்து நாள் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும் என்றேன். ஏதோ சூழ்ச்சி என்று நினைத்திருக்கிறார், என் வீட்டு வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்து டயரை எல்லாம் அமுக்கிப் பார்த்தார். நான்கையும் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்.

ஜூலை 5, சனி

மைதானத்தில் வலது வளையத்துக்கு நட்டநடுவில் நான் நின்றேன். பொன்ராஜ் வண்டிக்குள். செல்வின் என்னைச் சுற்றி ஓட்டினார். வண்டி சுற்றச் சுற்ற நானும் நின்ற இடத்திலேயே திரும்பி, இடது கண்ணால் பார்த்துக் கையைக் காட்டினேன். நாற்பது சுற்று. எனக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். செல்வின் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். இண்டிகேட்டர் போடாமல் நிறுத்தியதற்காக அவரைத் திட்டினேன். திட்டும்போது உடம்பு கொஞ்சம் தேறியது.

ஜூலை 8, செவ்வாய்

செல்வின் பாஸ். அக்காவும் பாஸ். முழு எட்டு. கம்பு ஒன்றும் விழவில்லை. செல்வின் அம்மா போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். நியாயம்தான்.

ஜூலை 9, புதன்

டாக்டர் மெர்சி ஜெபராணி நோட்டை முழுவதும் படித்தார். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தான் ஜூன் 4 பக்கத்தைப் படித்த அன்றைக்கே கண் டாக்டரின் சீட்டைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்றார். நானும் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

அடியில் கிடந்த நினைப்பு இப்போது நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார். காலையில் 90, பொன்ராஜ் தன் ஸ்கூலில் பாட வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டபோது 70, பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக என் வண்டி மாதிரி ஒன்றைப் பார்த்ததும் மறுபடியும் 85. சராசரி போடட்டுமா என்றேன். வேண்டாம், தினமும் எழுதுங்கள் போதும் என்றார்.

ஜூலை 11, வெள்ளி

ஆவுடையம்மாள் அக்கா தன் புதுக் காரில் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போனார். என்னை முன்னால் உட்காரச் சொன்னார், பிரம்மசக்தி பின்னால். முப்பது வருடம் சைக்கிளில் போன தெருவெல்லாம் காட்டினார். இந்த வீட்டில் நாய், இந்த வீட்டில் மணியார்டர் வந்தால் மோர் தருவார்கள், இந்த வீட்டுக்கு ஒரு கடிதம்கூட வந்ததே இல்லை, ஆனால் அந்த ஆள் தினமும் வாசலில் நிற்பார் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மெயின் ரோட்டில் வலதுபக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அக்கா இண்டிகேட்டர் போட்டு நடுவில் வந்து நிறுத்தினார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. என் கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடியது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பழக்க தோஷத்தில், என்னிடம் கேட்டார்.

"போலாமா தம்பி?"

இருபத்திரண்டு வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவன். போங்க, நில்லுங்க, இரண்டில் ஒன்று எப்போதும் என் வாயில் இருக்கும். பொங்கலுக்குப் பிறகும் இருந்தது, பார்க்காமலே சொன்னேன்.

"எனக்குத் தெரியலக்கா" என்றேன்.

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. பிரம்மசக்தி இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி வலதுபக்கம் பார்த்தாள். ஒரு பால் வண்டி, அது போகட்டும், பின்னால் ஒரு சைக்கிள், அதுவும் போகட்டும் என்று பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இப்ப ஒண்ணுமில்லக்கா. போங்க."

அக்கா திருப்பினார்.